டீசல் வண்டியில் மஞ்சள் கோடு

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு எங்கள் செம்பனைத் தோட்டத்தில் டீசல் எண்ணெய் கிடைக்கவில்லை. பழக்குலைகளை ஆலைக்கு இழுத்துப்போகும் சின்ன டீசல் வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. தோட்டத்துக் கிராணியான எனக்கும் எழுத்து வேலை குறைந்தது. பயத்தில் மனம் ஓரிடத்தில் நிற்காத அந்த நாள்களில்தான் அந்த வண்டியை அளந்து, அடிக்கு ஓர் அங்குலம் என்று குறுக்கி, மாதிரி வண்டி ஒன்று செய்யத் தொடங்கினேன்.

உடலுக்கு மண்ணெண்ணெய்த் தகரம். கைப்பிடிக்குக் குடைக்கம்பி. முன்பக்கக் காற்றுச் சல்லடைக்கு உணவு அலமாரியின் கம்பி வலை. வண்டியின் உடலெங்கும் வரிசையாகத் தெரியும் ஆணித் தலைகளைத் தனியாக ஒட்ட முடியாது. மழுங்கிய ஆணியால் தகரத்தை உட்பக்கமிருந்து மெல்லத் தட்டினால் வெளியே பொடிப்பொடியாகப் புடைத்து வரும். தட்டு ஒன்று பலமாக விழுந்தால் தகரம் ஓட்டையாகிவிடும். அந்த வேலையில் இருக்கும்போது மட்டும் எனக்கு வேறு நினைப்பு வராது.

கொட்டகையில் அளந்துகொண்டிருந்த என்னைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பானிய அதிகாரி ஒருநாள் பிடித்துவிட்டார். அறை விழும் என்று குனிந்து நின்றேன். அவரோ என் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். செய்ததைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, முடிந்ததும் தனக்கு வேண்டும் என்றார். பிறகு அடிக்கடி வந்தார்.

வீட்டில் கல்யாண வயதில் மகள் இருந்தாள். வயதுப் பெண்களை ஜப்பான்காரர்கள் தூக்கிப்போவதாகப் பேச்சு. தூரத்தில் மெர்சிங்கில் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அதிகாரியின் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் பின்னால் உள்ள விறகுக் கொட்டாய்க்கு ஓடிவிடுவாள். அவர் போகும்வரை அங்கேதான்.

"அந்தத் தகரத்த முடிச்சுக் கொடுத்துத் தொலைங்க" என்பாள் என் மனைவி. "வாங்கிட்டுப் போயிட்டான்னா அப்புறம் ஏன் வரப்போறான்?"

"விளக்கு இன்னும் சரியா உட்காரல."

"புள்ளை கொசுக்கடியில உட்கார்ந்திருக்கா. உங்களுக்கு விளக்கு உட்காரலையாக்கும்."

மகள் சிரிப்பாள். "விடும்மா. கொட்டாயில இருக்கிற கரப்பானெல்லாம் இப்ப என்னை அக்கான்னு கூப்பிடுது."

மனைவி சொன்னது சரி. ஒரு வாரத்தில் முடித்திருக்கலாம். ஆனால் முன்விளக்கைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடியும் கழற்றினேன். அந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் தட்டிய ஆணித் தலைகளை விரலால் தடவிப் பார்ப்பார். தோட்டத்தில் வேறு யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் வரும் மாலைகளை நான் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன். பக்கத்து லய வீட்டு ஆள்களைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கட்டாயமாக ஏற்றிப்போன மாதங்கள் அவை. இதை எழுதும்போது முகம் எரிகிறது.

துரை பங்களா சன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயத்தைப் பூசினேன். அசல் வண்டியின் பக்கவாட்டில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று சுற்றி ஓடும். என்னால் அதை இழுக்க முடியவில்லை. இரண்டு தடவை துடைத்தேன். மகள்தான் வாங்கிக்கொண்டாள். ஒளிய வேண்டி வரும்வரை தினமும் வாசலில் கோலம் போட்ட கை. ஈர்க்கின் நுனியைக் கடித்துப் பஞ்சாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூலைகளில் வளைத்து, ஒரே இழுப்பில் முடித்தாள்.

மறுநாள் அதிகாரி வண்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் அந்தக் கோட்டில் நின்றது.

"இது உன் கை இல்லை. யார் போட்டது?"

"என் மகள்" என்றேன்.

பயத்தில் உளறவில்லை. பெருமையில் சொன்னேன். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை இன்னொருவர் பெயருக்கு விட என் வாய் பழகவில்லை.

அவர் நிமிர்ந்து பின்கதவைப் பார்த்தார்.

"மெர்சிங்கிலிருந்து வந்துவிட்டாளா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அவர் வண்டியை மேசையில் வைத்தார். நாளைக்கு வருவதாகவும், அவள் கோடு போடுவதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து பாகாட் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், முன்பு என் மகளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். "என் வயசுக்காரனுக்கா?" என்று நானே திருப்பி அனுப்பியிருந்தேன். கல்யாணமான பெண்ணைத் தொடமாட்டார்கள் என்று நம்பி, மறுநாள் விடியும்போது மாட்டு வண்டியில் மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே மகளை உட்கார வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மஞ்சள் கயிறு ஒன்றுதான். மேளம் இல்லை. அவள் வழி முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. தாலி கட்டும்போதுகூட நகத்தில் மஞ்சள் சாயம் இருந்தது.

மனைவியை அங்கே விட்டு மாலைக்குள் நான் மட்டும் திரும்பினேன். அதிகாரி சொன்னபடி வந்தார். தனியாகத்தான் வந்தார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மெல்லிய தூரிகை. முடி நாலைந்து இழைதான் இருக்கும்.

"அவளிடம் கொடு" என்றார். வண்டியைத் தொடவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு என் வீட்டுக்கு வரவேயில்லை. தூரிகையை மகளிடம் கொடுக்காமல் என் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

அவர் அந்தக் கைவேலையைப் பார்க்க மட்டும்தான் வந்தாரா, அது வேறு எதற்கோ சாக்கா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். சைக்கிள் சத்தம் கேட்டால் நான் இன்னும் பின்கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

சென்ற மாதம் பத்து பாகாட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் கல்லாவிலிருந்து எழுந்து, "வாங்க மாமா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் தலை என் தலையைவிட நரைத்திருந்தது. நல்ல மனிதர். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் சாப்பாடு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

"அப்பா, மறுநாள் அவன் வந்தானா?"

"வந்தான்."

"சத்தம் போட்டானா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

"நல்லவேளைப்பா, நான் அங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.