தயாளனின் பதின்மூன்று பல் வண்டி

தயாளன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் பெங்களூர் ஆடுகோடியில், மெக்கானிக் சையத் பாயின் ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிரேக் மாற்றக் கொடுத்த வண்டிக்காகக் காத்திருந்த சாயங்காலம். அழைத்தது அவன் மகள் நித்யா. "மாமா, அப்பா நம்ம தெரு முனையில..." என்றாள். பின்னால் யாரோ ஆட்டோவைத் திருப்பச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மடையன் மாதிரி, "வண்டி எதுல இடிச்சுது?" என்று கேட்டேன்.

வண்டி எதிலும் இடிக்கவில்லை. வேலை முடிந்து வந்தவன், ஒக்கலிபுரத்தில் தன் தெரு முனையிலேயே இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இஸ்திரிக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் கேட்டிருக்கிறான். அவர் சொம்போடு திரும்புவதற்குள் சாய்ந்துவிட்டான். நெஞ்சுவலி. அவன் வீடு அதே தெருவில்தான், முனையிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில்.

செல்போன் டவர்களில் பேட்டரியும் கேபிளும் பார்க்கும் வேலையில் எங்களோடு இருந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். செத்தவனுக்கு மரியாதையாக 'அவர்' போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். "இன்னா மச்சா, யாரைப் பத்தி எழுதற?" என்று அவன் கேட்பது போலவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அவன் என்றே இருக்கட்டும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மாடல் வண்டி வாங்கியவர்கள். கனகபுரா பக்கத்து மலை டவர்கள் எங்களுக்கு வந்தன. நல்ல சாலையில் அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. உருளைக் கல்லும் மண்ணுமாக ஏறும் பாதையில், பின்னால் பேட்டரியைக் கட்டிக்கொண்டு போனால்தான் அதன் வண்டவாளம் தெரியும். முதல் கியரிலேயே துள்ளிக்கொண்டு ஓடும். வேகத்தைக் குறைத்தால் இன்ஜின் அணையும். அணையாமல் இருக்கக் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறினால், தீய்ந்த வாடை மூக்கைத் துளைக்கும். ஒருநாள் அப்படி ஏறும்போது வண்டி பொக்கென்று நின்று, தயாளன் பேட்டரியோடு உண்ணிச்செடிப் புதரில் சரிந்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கியபடி சொன்னான்: "சிரிக்காத மச்சா. இந்த வண்டிக்கு ஓடத் தெரியுது, நடக்கத் தெரியல."

மறுவாரம் அவன் சையத் பாயிடம் போய் நின்றான். பாயிடம் வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை வேகமாக்கத்தான் வருவார்கள். இவன் மெதுவாக்கச் சொன்னான். வழி சுலபம்தான். செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட்டில் பதினைந்து பல் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பதின்மூன்று பல் உள்ள சின்னதைப் போட்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும். "ஹைவேல கத்தும் பாய், டாப் ஸ்பீட் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார் பாய். அவருக்கு எல்லாருமே பாய்தான். "வேகமாப் போவ ஊர்ல ஆயிரம் பேர் கீறாங்க. மெதுவாப் போறதுக்குத்தான் தெம்பு வேணும். நீங்க போடுங்க" என்றான் தயாளன். பாய் தலையில் அடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். தளர்ந்த செயினுக்காகப் பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கட்டினார்.

அதற்கடுத்த முறை அவன் மலை ஏறியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். முதல் கியரில் போட்டுவிட்டுக் கிளட்சிலிருந்து கையை எடுத்துவிட்டான். வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு கல்லாக மோந்து பார்த்துக்கொண்டு ஏறியது. பக்கத்தில் நடந்து போன என்னிடம் அவன் வழி முழுக்கக் கதை பேசிக்கொண்டே வந்தான். இறங்கும்போதும் அப்படித்தான். பிரேக்கை அவன் தொட்டதாகவே எனக்கு நினைவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும் மாற்றியிருக்கலாம். வீம்புக்கு மாற்றவில்லை.

சமதரையில் அந்த வண்டி பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். ஓசூர் ரோட்டில் அறுபதைத் தொட்டால் அலறும். டெம்போக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போவார்கள். அதற்குக் 'கரும்பு மிஷின்' என்று பெயர் வைத்ததே நம் ஆட்கள்தான். "டேய், நீ ஒக்கலிபுரத்துல திரும்பினா மெஜஸ்டிக்ல பஸ்ஸுக்கு நிக்கறவன் காதைப் பொத்திக்கறான்டா" என்பேன். அவனுக்குக் கோபமே வராது. "வரட்டும் மச்சா. சத்தம் கேட்டாதான் பிரேமா பாலை அடுப்புல வைப்பா" என்பான்.

அது நிஜம். தயாளன் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அவன் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். ஷிப்டு முடியும் சங்கு ஊதியதும் லைன் வீடுகளில் எல்லாம் அடுப்பு பற்றவைப்பார்களாம். "எங்கப்பாவுக்குச் சங்கு, எனக்குக் கரும்பு மிஷின்" என்று சொல்லிச் சிரிப்பான். ஒக்கலிபுரத்தில் நாள் முழுக்க ரயில் சத்தம். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் தெரு முனையில் அந்த வண்டி திரும்புவது அவன் மனைவி பிரேமாவின் காதில் விழுந்துவிடும். அவன் செருப்பைக் கழற்றும்போது டீ வந்துவிடும். மூன்று ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை வியாதிக்காரனான என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை ருசித்துக் குடிப்பான் பாவி.

காரியம் முடிந்து சில நாட்களில் நித்யா அந்த வண்டியை எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணா, அந்தச் சத்தத்தை எடுத்துடுங்க" என்றாள். "வண்டி இருக்கட்டும். சத்தம் மட்டும் வேணாம். டெய்லி சாயங்காலம் முனையில திரும்புது. என் கை பால் பாத்திரத்தை எடுத்துடுது. டம்ளர்ல ஊத்தி, சர்க்கரை போட்டுக் கலக்கினப்புறம்தான் தெரியுது, வர்றது நித்யான்னு. மனசுக்குத் தெரியுதுண்ணா. கைக்குத் தெரியல."

நித்யா கதவோரம் நின்றிருந்தாள். "எனக்கு அப்படியே இருந்தாத்தான் புடிக்கும் மாமா" என்றாள். "ஆனா அம்மாவால முடியல. மாத்திடுங்க."

வண்டியைச் சையத் பாயிடம் கொண்டுபோனேன். பதின்மூன்றைக் கழற்றிப் பழையபடி பதினைந்தை மாட்டினார். கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் வைத்தார். கிரீஸ் கறுப்பாக ஊறிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் இரும்பு. பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தன. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அவன் பங்கு மலை டவர்களையும் அலுவலகம் என்னிடமே கொடுத்தது. என் வண்டியில் அந்தப் பாதையில் ஏறிப் பார்த்தேன். அதே துள்ளல், அதே தீய்ந்த வாடை. நேராகப் பாயிடம் போய் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினேன். "இது தேஞ்சுபோச்சு பாய். உங்க செயினைத் தின்னுடும். புதுசா பதிமூணு தர்றேன்" என்றார். இதையே போடுங்கள் என்றேன். "ஹவ் பாய், சரி" என்று வாங்கிக்கொண்டார்.

ஒன்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஒரு மத்தியானம் டவர் மேல் இருந்தேன். கீழே மலைப்பாதையில் அந்த வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டுப்போகாமல், முதல் கியரில். என் வண்டி கீழே நிழலில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. கல் குவாரியிலிருந்து வந்த சத்தமாக இருக்கலாம். கம்பிகளில் காற்று செய்யும் வேலையாக இருக்கலாம். நான் இறங்காமல் வெகு நேரம் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே வந்து சேரவே இல்லை.

டவர் ஏற அவன் போடும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் ஆபீஸ் ஸ்டோரில் இருந்தன. அவற்றைக் கொடுப்பதற்காக ஒக்கலிபுரம் போனேன். தெரு முனை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தப் போகிறேனே! சட்டென்று இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்தேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிரேமா வாசலில் நின்றிருந்தாள். ஏதோ வேலையாக வெளியே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, தப்பித்தோம் என்று கூட நினைத்தேன்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். அதே இடத்தில் அணைப்பேன், தள்ளிக்கொண்டு போவேன். இஸ்திரிக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஒவ்வொரு முறையும் பிரேமா வாசலில் நின்றிருந்தாள். ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கம் நாளாக ஆகத்தான் உடம்பில் இறங்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? அதை உங்க வண்டியில போட்டிருக்கீங்கதானே?"

"ஆமாம்மா. உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் முனையிலேயே அணைச்சுட்டு..."

"கேக்குதுண்ணா. முனை வரைக்கும் கேக்குது." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்கும் இப்படித்தான். முனையில திரும்புச்சு, நான் பாலை வச்சேன். டக்குனு சத்தம் நின்னுபோச்சு. யார்கிட்டயோ பேசிக்கிட்டு நிக்கறாருன்னு நினைச்சேன். வரட்டும்னு இருந்தேன். பால் பொங்கி வழிஞ்சுது, அடுப்பைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். இஸ்திரிக்காரர் பையன் ஓடி வர்ற வரைக்கும் நான் துடைச்சுக்கிட்டுதான் இருந்தேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க வாரா வாரம் அங்கேயே வந்து நிறுத்தறீங்க. நித்யா வர்றப்போ இருந்த சத்தம் கூடப் பரவாயில்ல, அது வீடு வரைக்கும் வந்துச்சு. வர்றதா இருந்தா வாசல் வரைக்கும் வாங்கண்ணா."

வண்டியைத் திருப்பினேன். முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். இஸ்திரிக்காரரின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று இன்ஜினைக் கிளப்பினேன். முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து கையை எடுத்தேன். வண்டி அலறிக்கொண்டே, நடக்கும் வேகத்தில், கடைசி வரைக்கும் போய் வாசலில் நின்றது.

உள்ளே அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றும்போது டீ வந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரை. எனக்கு ஆகாது என்பது பிரேமாவுக்கு நன்றாகத் தெரியும். குடித்தேன்.

தயாளனின் ஹெல்மெட்டும் பெல்ட்டும் அவன் வீட்டில் இருக்கின்றன. வண்டி நித்யாவிடம். தேய்ந்துபோன பதின்மூன்று பல் என்னிடம். அதோடு இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. இஸ்திரிக்காரரின் பெஞ்சிலிருந்து வாசல் வரைக்கும் அவன் போகாமல் விட்ட தூரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நான் ஓட்டுகிறேன்.