வாயில் வராத ஒரு சொல்

என் மகள் ஏழாம் வகுப்பில் பாலே நடனம் கற்கச் சேர்ந்தபோதே எனக்கு அந்த வாத்தியார்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்தவர். முடியை உச்சியில் முடிந்திருப்பார். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் தூத்துக்குடிக்கு வந்தாராம். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு.

பாலே என்றால் கால் விரல் நுனியில் நிற்பது என்றுதான் டிவியில் பார்த்திருந்தேன். இவர் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்குவதும் நிமிர்வதுமாக மாதக்கணக்கில் நின்றார்கள். விரல் நுனியில் நிற்க எலும்பு முற்ற வேண்டும், இப்போதைக்கு அடிப்படை மட்டும்தான் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு மாதிரி இருந்தது எனக்கு.

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கிறேன். கதவில் மாட்டிய சீல் அப்படியே இருந்தாலும் கதவுக் கீலின் ஆணியைக் குனிந்து பார்ப்பேன். சீலைத் தொடாமல் ஆணியைக் கழற்றிச் சரக்கை எடுத்தவர்கள் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் அடுப்படி வாசலில் நின்று தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நாளைக்கு சார் போர்ட் ப்ரா பாக்காரு. சரியா இல்லாட்டி தனியா நிக்க வச்சுப் பாப்பாராம். எனக்குப் பயமா இருக்குளா."

என் கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. போர்ட் என்றால் எங்களுக்குத் துறைமுகம். மற்ற சொல் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் நல்ல அர்த்தம் எதுவும் வரவில்லை.

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஜவுளிக்கடையில் மனைவி அந்தப் பக்கம் திரும்பினாலே நான் போர்வை விற்கும் இடத்துக்குப் போய்விடுவேன். மகளிடம் எப்படிக் கேட்பது? மனைவியிடம் போனேன்.

"அவளுக்கு அந்த கிளாஸ் இனி வேண்டாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஆள் சரியில்லன்னு தோணுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"உங்களுக்கு யாரத்தான் சரின்னு தோணிருக்கு? நம்ம கல்யாணத்துக்கு வந்த ஐயரையே ஒரிஜினல் ஐயரான்னு கேட்டவியதான நீங்க."

மேலே பேச என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அது வாயில் வரவில்லை. நேரில் போய்ப் பார்ப்பது, தப்பாக ஏதாவது தெரிந்தால் அப்போதே மகளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவது போலப் போய்த் திரும்பி வந்தேன். ஹால் கதவு சாத்தியிருந்தது. இத்தனை பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு எதற்குக் கதவைச் சாத்துகிறார்? தள்ளித் திறந்தேன்.

கதவை ஒட்டி நாற்காலி போட்டுப் பள்ளிக்கூட ஆயா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணாச்சி? கதவச் சாத்துங்க. நெலக்கரித் தூசி வருது, பிள்ளையெல்லாம் வெறுங்கால்ல நிக்குது."

"மக படிக்கா. சும்மா பாக்க வந்தேன்."

"பாக்கணும்னா உள்ள வந்து பாருங்க. அங்கன நின்னு எட்டிப் பாத்தா எப்படி?"

நான் உள்ளே கால் வைத்த நேரம் வாத்தியார் உரக்கச் சொன்னார்: "போர் டி ப்ரா!"

பிள்ளைகள் எல்லோரும் கைகளை வயிற்றுக்கு முன்னால் வட்டமாக வைத்தார்கள். மெதுவாக நெஞ்சு வரை உயர்த்தி, தலைக்கு மேலே கொண்டுபோய், பக்கவாட்டில் விரித்து இறக்கினார்கள். ஒரு பிள்ளைக்கு முழங்கை தொங்கியது. வாத்தியார் தூரத்தில் நின்றபடியே தன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏதோ பிரெஞ்சுல கையத்தான் அப்படிச் சொல்லுதாவளாம்" என்று ஆயா என் பக்கம் சாய்ந்து சொன்னார். "மொத நாள் நானும் திடுக்குன்னு எந்திரிச்சிட்டேன் அண்ணாச்சி."

முகம் சுட்டது எனக்கு. ஆனாலும் கிளம்பவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்தால் அடுத்ததைப் பார்க்காமல் போகிற பழக்கம் இல்லை.

அடுத்து, பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து தாங்களே அமைத்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் தினமும் செய்யும் காரியத்தை ஆட்டமாக மாற்ற வேண்டுமாம். அன்றைக்குக் காட்டுகிறவர்களுக்குத்தான் ஆண்டு விழா மேடை. முதலில் ஆடியவர்கள் இடியாப்பம் பிழிந்தார்கள். அதன்பின் என் மகளின் குழுவைக் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சார், நாங்க இன்னும் ரெடி ஆகல."

"ஏளா, நேத்து நல்லாத்தான வந்துச்சு!" என்றாள் தோழி.

"இல்லன்னா இல்ல. விடுளா."

"இன்னைக்கு விட்டா மேடை கிடையாதும்மா, தெரியும்ல?" என்றார் வாத்தியார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அந்த மேடைக்காக அவள் வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாரக்கணக்கில் ஆடியது எனக்குத் தெரியும். வாத்தியார்மேல் இருந்த சந்தேகம் இப்போது அவள்மேல் திரும்பியது. எனக்கு முன்னால் காட்ட முடியாதபடி அப்படி என்ன ஆட்டம்? இருந்து பார்த்துவிடத்தான் தோன்றியது. ஆனால் நான் அங்கே இருக்கும்வரை அவள் ஆடப்போவதில்லை.

வெளியே வந்து கதவை நானே சாத்தினேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கால்கள் தரையில் பதியும் சத்தம். அதற்கு மேல் என் மகளின் குரல்: "நீங்க ரெண்டு பேரும் வாசல் கேட்டு. இப்ப அப்பா வாராரு. பூட்ட இழுக்காரு. போறாரு. நம்பல. மறுபடி வாராரு, இழுக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆயா சிரித்ததுதான் பெரிதாகக் கேட்டது. ராத்திரி படுக்கும் முன் நான் வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பதும், படுத்தபின் எழுந்து போய் மறுபடி இழுப்பதும் உண்மைதான். அவள் தூங்கிவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"சிரிப்புக்காக ஆடாதே" என்றார் வாத்தியார். "அவருக்கு நிஜமாவே பயம். முட்டியை நல்லா மடக்கு, கையை மெதுவாக் கொண்டு போ. திரும்ப ஆடு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கால் சத்தம் மட்டும் கேட்டது. வந்தது, நின்றது, போனது, திரும்பி வந்தது.

வகுப்பு முடிந்து வண்டியில் ஏறியவளிடம் கேட்டேன்.

"மேடை உண்டா?"

"உண்டு."

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள். "வெளிய கேட்டுச்சாப்பா?"

"லாரிச் சத்தத்துல என்னத்தக் கேக்கும்?" என்றேன்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத் தெருவில் லாரி எதுவும் போகவில்லை. வண்டிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவளும் கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.