நேசமணி மேஸ்திரியின் தவளைகள்

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நேசமணி மேஸ்திரி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் வழியிலுள்ள குட்டையில் தவளை பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்தவை மண்பானைக்குள் போகும். பானையின் வாய்க்குத் தம் தலைப்பாகையையே அவிழ்த்துக் கட்டிவிடுவார். அவர் வெறுந்தலையோடு நடந்தால், இன்று சோதனைக்குத் துரை வருகிறார் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

தங்க மில்லின் சயனைட் கழிவுநீரைப் பார்த்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். அந்த நீர் மூன்று குழிகளில் அடுத்தடுத்துத் தங்கும். மூன்றாம் குழியின் பலகையைத் தூக்கினால் ஓடையில் இறங்கிப் பாலாற்றுக்குப் போகும். நடுவே அந்த ஓடை மணலில்தான் லைன் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். ஆகவே சுகாதாரத் துரை ஒரு விதி செய்தார்: மூன்றாம் குழியில் தவளை உயிரோடு இருந்தால்தான் பலகையைத் தூக்கலாம். அருமையான விதி. தவளைகளுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. ஒன்றுகூடத் தானாக அங்கே குடியேறவில்லை. குழி நிரம்பினால் மில் நிற்கும், மில் நின்றால் மேஸ்திரியின் வேலை போகும். அதனால் அவர் தவளைகளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இதில் அவருக்கு ஒளிவுமறைவே கிடையாது. "தவளை இருக்கணும்னாரு தொரை. அது எங்க பொறந்துச்சுன்னு கேக்கலியே" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரையும்விட உரக்க ஆமென் சொல்வதும் அவர்தான்.

போன சனிக்கிழமை ஊற்றருகே குடத்தோடு உட்கார்ந்திருந்த பார்வதம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஓடையில் தண்ணீர் குடித்த அவளுடைய கன்றுக்குட்டி செத்துச் சில நாட்களே ஆகியிருந்தன.

"இன்னா மேஸ்திரி, சம்பந்திங்களை அழைச்சிகினு வந்துட்டீங்களா?"

"உன் கன்னு வெயில் தாங்காம செத்துச்சும்மா. தண்ணி மேல பழி போடாதே."

"அப்படியா? அப்ப உங்க மூணாங் குழியில ஒரு வாய் அள்ளிக் குடிங்க, பாக்கலாம்."

"எனக்கு வூட்லருந்தே கூஜாவுல வந்துடுது" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் பெருமையாகவே.

பானையைக் குழியில் கவிழ்த்த சிறிது நேரத்தில் துரையின் வண்டி வந்தது. துரை இறங்காமலே எட்டிப் பார்த்தார். தவளைகள் கரையேற முண்டியடித்துக்கொண்டிருந்தன. "நல்ல சுறுசுறுப்பு" என்று மகிழ்ந்தார். "திற" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"பார்வதம்மா, கொடத்தைத் தூக்கிகினு அப்பால போ. தண்ணி வுடப்போறேன்."

"இன்னிக்குப் போறேன். நாளைக்குக் குடிக்க எங்க போவேன்?"

மேஸ்திரி குனிந்து, தவளைகளை ஒவ்வொன்றாகக் குழியிலிருந்து எடுத்தார். தம் கூஜாவைச் சாய்த்து, குடிக்கிற தண்ணீரால் அவற்றின் முதுகையும் வயிற்றையும் நன்றாகக் கழுவிப் பானைக்குள் விட்டார். பிறகு பலகையைத் தூக்கினார்.