சுவருக்கு வெளியே ஒரு பூவரசு

மனப்பாடம் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன வயதில் ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பேன். அதற்காகச் சாமியார் கையால் ஒரு ஜெபமாலைகூடப் பரிசாக வாங்கினேன். அதில் ஒரு கேள்வி வரும்: ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம்? யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது பதில். தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தைச் சொன்னால் போதும். பின்னால் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாத்தியாராக வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொன்ன பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தான். குறைமாதம். வீட்டிலேயே பிரசவம். காலை பத்து மணி இருக்கும், மருத்துவச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை.

“வாத்தியாரே, கொழந்த மூச்சு இழுக்குது. உங்க சாமிக்கு இன்னா செய்யணுமோ சட்டுனு செஞ்சிருங்க” என்றாள்.

வாசலில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் சைக்கிளை எடுத்தேன். எங்கள் ஊரில் அப்போது சின்னக் கோயில்தான். சாமியார் நாலு மைல் தள்ளி இருந்தார். கரும்புக்கொல்லை நடுவே அந்த மண் ரோட்டில் நான் மிதித்த மிதியை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அத்தனை வருஷம் ஒப்பித்த பதில் அந்த நாலு மைலில் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சாமியாரைக் கூட்டி வரவேண்டும், அவர் வந்தால் சரியாகிவிடும், இது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது.

அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சாமியார் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் துணியால் மூடியிருந்தார்கள். சாமியார் நல்ல மனுஷன். திட்டவில்லை.

“உங்களுக்குத் தெரியாததா வாத்தியாரே? நீங்களே தண்ணி ஊத்தியிருக்கலாமே” என்றார்.

உள்ளே படுத்திருந்த என் மனைவிக்கு அது கேட்டது. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், மந்திரங்களைக் காதால் கேட்டுக் கற்றவள். வாசலில் இருந்த குடத்துத் தண்ணீரே போதும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைச் சுவருக்குள் இடமில்லை. மோட்சமும் இல்லாத, நரகமும் இல்லாத ஒரு நடு இடத்துக்கு அது போகும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சுவருக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாகப் புதைத்தோம். குழி வெட்டியவர், “இங்க சிலுவ நடக்கூடாது வாத்தியாரே” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அடையாளத்துக்காக வேலியில் இருந்து ஒரு பூவரசங்கம்பை ஒடித்து ஊன்றினேன். பூவரசு எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்த மழைக்கு அது துளிர்த்துவிட்டது.

எனக்கு அந்த மரத்தைப் பார்க்கப் பிடிக்காது. தவக்காலத்தில் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். ஒரு மரத்தின் பழத்தால் சாவு வந்தது, இன்னொரு மரத்தில் தொங்கியவரால் உயிர் வந்தது என்பேன். என் பிள்ளையின் மேல் நின்ற மரம் இந்த இரண்டில் எதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. குருத்தோலை ஞாயிறு தவறாமல் மந்திரித்த ஓலையில் ஒரு துண்டைக் கிழித்து அந்த மரத்தில் கட்டிவிட்டு வருவாள். சிலுவைகூட இல்லாத இடத்தில் என்ன ஜெபம் என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

“சிலுவையும் மரம்தான. குறுக்குக் கட்ட ஒண்ணு இல்ல, அவ்ளோதான்” என்றாள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் போயிற்று. இரண்டு பெண்கள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் கோயில் தனிப்பங்கு ஆகி, ஊரிலேயே தங்க ஒரு இளம் சாமியார் புதிதாக வந்தார். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு எல்லோரும் முத்தம் கொடுத்து முத்தி செய்யும் மரச்சிலுவையைக் கரையான் தின்றிருந்தது. புதிதாக ஒன்று செய்யச் சாமியார் மரம் தேடினார்.

“கல்லறச் சுவருக்கு வெளிய ஒரு பூவரசு நல்லா நிக்குதே, யாருது வாத்தியாரே?” என்று கேட்டார்.

“யாருதும் இல்ல சாமி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் பிள்ளை அங்கே கிடக்கிறான் என்று சொன்னால், ஏன் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வாய் வராது. வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். அவன் மேல் வளர்ந்த மரம் கோயிலுக்குள் போகும், பீடத்தின் முன்னால் கிடக்கும், ஊரே மண்டியிட்டு முத்தம் கொடுக்கும். சுவருக்கு வெளியே போட்டவனை இப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடலாம். அவளிடம் இதை முத்தி முடிந்த பிறகு சொல்லலாம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குருத்தோலை ஞாயிறு முடிந்து இரண்டாம் நாள் மரத்தை வெட்டினார்கள்.

பெரிய வெள்ளி மூன்று மணி. சிலுவையின் துணியை விலக்கியதும் பச்சை மர வாசனை கோயில் வாசல் வரை அடித்தது. நான் முத்தம் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் வந்து நின்று, அவள் முறைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மண்டியிட்டுக் குனிந்தபோது பின்னால் இருந்தவள் ஏதோ சொன்னாள். சுவரண்டை இருந்த பூவரசாம் என்று சொன்னாளாம், பிறகு தெரிந்தது. என் மனைவி முத்தம் கொடுக்கவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டாள்.

எங்கே போயிருப்பாள் என்று தெரியும். பின்னாலேயே ஓடினேன். சித்திரை மாதத்து வெயில். செருப்பில்லாத காலோடு, வெட்டி மிஞ்சிய அடிமரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் நிழல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

“அவன் கோயிலுக்குள்ள வந்துட்டான்னு நெனச்சிதான்…” என்று ஆரம்பித்தேன்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

“இப்பிடி வந்து நில்லுங்க” என்றாள். “அவன் காலு மேல வெய்யில் அடிக்குது.”