பூட்டுக்காரரின் ஏழு உண்டியல்கள்

என் அக்கா வீட்டுக்காரர் பூட்டுக்காரர். ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரால் திறக்க முடியாத பூட்டே கிடையாது. அவருடைய சேமிப்புக்கு அந்தத் திறமைதான் எமன்.

"என் வயசான காலத்துக்கு நானே பொறுப்பு. அரசாங்கத்துகிட்ட கையேந்த மாட்டேன்" என்று முப்பது வயதிலேயே சபதம் போட்டவர். இரும்பு உண்டியல் ஒன்று வாங்கிப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்தார். பதினெட்டாம் நாள் கம்பியை நுழைத்து அவரே திறந்துவிட்டார். இப்படி ஏழு உண்டியல். பணம் எங்கே என்று கேட்டால், கடனாகத்தான் எடுத்தாராம். யாரிடம்? தன்னிடமே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வாயே திறக்கவில்லை. கடைக் கல்லாவில் உட்காருபவள் அவள்தான். தினம் ஒரு சாவிக்கான கூலியை ஒதுக்கி, அவர் பெயரில் அரசாங்க ஓய்வூதியத் திட்டத்தில் மாதாமாதம் கட்டிவந்தாள். அவள் கட்டுவதில் பாதியளவு அரசும் போடும். அறுபது வயதுவரை யாரும் அதைத் தொட முடியாது. கையெழுத்துக்கு என்ன செய்தாள்? வாடகைக் காகிதம் என்று நீட்டினாள், மனிதர் படிக்காமலே போட்டுவிட்டார்.

அறுபது வந்தபோது அவருக்குக் கண் மங்கி, விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. செய்து கொடுத்த சாவிகளில் பாதி திரும்பி வந்தன. அப்போதுதான் அக்கா விஷயத்தை உடைத்தாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கிளம்பினார். அக்காவும் நானும் கூடப் போனோம்.

அலுவலகக் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். கோப்பு பீரோவுக்குள் இருக்கிறது, பீரோ சாவியைத்தான் காணோம். சாயங்காலத்துக்குள் கோப்பு மேலே போகாவிட்டால் பணம் அடுத்த வருடம்தான் என்றார்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்தார். ஒரு காலத்தில் அவருக்கு அது அரை நிமிட வேலை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கம்பி இரண்டு முறை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தபோது அந்த விரல்களைப் பார்த்தேன். ஒருவழியாகப் பீரோ திறந்தது.

வெளியே வந்ததும் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "பாத்தியா மச்சான்? அரசாங்கமா குடுத்துச்சு? நானே தொறந்து எடுத்தேன்."

"தொறந்தது நீங்கதான், யாரு இல்லேன்னா?" என்றாள் அக்கா. "உள்ள வச்சது யாரு?"

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கடைச் சாவியை அவள் கையில் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த கம்பியையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.