பிலோமினாவும் செல்வராசாவின் மிளகாய்த் தோட்டமும்

பிலோமினா போய்விட்டார் என்று அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது நான் கல்கிசை ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். "அங்கிள், அம்மா நித்திரையிலயே..." என்றவள், மேற்கொண்டு சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டாள். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. பதினாறு ஆண்டுகள் என் எதிர் மேசையில் இருந்தவர். அழுதேன். ஆனால் அவரை நினைக்க நினைக்க அங்கேயே சிரிப்பும் வந்துவிட்டது. அவரை அறிந்த உங்களுக்கு அது விளங்கும்.

விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் இருந்தது. பெரும்போகத்துக்கு என்ன பூச்சி வரும், சிறுபோகத்துக்கு எது வரும், எப்போது மருந்தடிக்கலாம், எப்போது கூடவே கூடாது என்று வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கேட்பார்கள். ரயில் கடக்கும்போது மட்டும் ஒன்றும் கேட்காது. "பொறுங்க அண்ணன், ரயில் போகட்டும்" என்பார் பிலோமினா. பழகியவர்கள் பிறகு தாங்களே, "மிஸ், ரயில் வருது, போகட்டும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. வீட்டுப் பால்கனியில் பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரி, மிளகாய், தக்காளி வைத்திருந்தார். அத்தனையும் நோய்ச் செடிகள். மற்றவர்கள் பிடுங்கி எறிவதை இவர் கேட்டு வாங்கி வருவார். ஆஸ்பத்திரிதான், ஆனால் நோயாளி எவரையும் குணமாக விட்டதில்லை. "இந்த வீட்டில ஒரு கத்தரிக்காய் கறிக்கு வந்ததில்ல சிவா. எல்லாம் புழுவுக்குத்தான்" என்று அவருடைய கணவர் என்னிடம் முறையிட்டார். பிலோமினா விடவில்லை. "மருந்தடிச்சா நான் எதைப் பார்த்துப் படிக்கிறது? படிப்பிக்கிற புழுவுக்கும் சாப்பாடு போடத்தானே வேணும்!"

ஒரு சிறுபோகத்தில் கிளிநொச்சியிலிருந்து செல்வராசா என்ற விவசாயி அழைத்தார். மிளகாய் இலை சுருள்கிறது என்றார். முந்திய ஆண்டு முழுத் தோட்டத்தையும் பிடுங்கி எரித்த மனிதர். இதுவும் போனால் காணியைக் கைவிட்டு, ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் மைத்துனரோடு வேலைக்கு வருவதைத் தவிர வழியில்லை என்றார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "பனிப்பூச்சிதான் அண்ணை" என்று மருந்தின் பெயரையும் சொல்லி வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த பிலோமினா என் குறிப்பைப் பார்த்தார்.

"இலை மேல்பக்கமாச் சுருண்டதா, கீழ்ப்பக்கமாவா?"

"கேக்கயில்லை."

"ஐயோ சிவா! இதைக் கேக்காம என்னத்தைக் கேட்டீங்க?"

மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி, கண்ணுக்கே எட்டாத சிறு உயிர். நான் சொன்ன மருந்து அதற்குக் கேட்காது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, அது மேலும் பெருகத்தான் வழி செய்யும்.

செல்வராசாவின் கைப்பேசி வேலை செய்யவில்லை. பிலோமினா அந்த ஊர்த் தேநீர்க் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். "அண்ணன், கடையை விட்டுட்டு ஓடுங்க. செல்வராசா அண்ணன மருந்தடிக்க வேணாமெண்டு சொல்லுங்க. தேத்தண்ணி பிறகு ஊத்தலாம்." அரை மணி நேரத்தில் கடைக்காரரின் கைப்பேசியிலிருந்து செல்வராசா மூச்சு வாங்கப் பேசினார். மருந்துத் தாங்கி முதுகிலேயே இருந்தது. இலை கீழ்நோக்கித்தான் மடிந்திருந்தது.

பிலோமினா தொலைபேசியை என் கையில் திணித்தார். "சொல்லுங்க. பிழை விட்ட வாயாலதான் சொல்லோணும்."

சொன்னேன். செல்வராசா, "பரவாயில்லை சேர். இன்னும் அடிக்கேல்லைத்தானே" என்றார். சிற்றுண்ணிக்குரிய கந்தக மருந்தைச் சொன்னோம். தோட்டம் தப்பியது. இன்றும் அவர் அதே காணியில்தான் மிளகாய் வைக்கிறார்.

அடக்கத்துக்கு முன் கொட்டாஞ்சேனை வீட்டில் கூடியிருந்தோம். ஊரிலிருந்து செல்வராசாவும் இன்னும் ஏழெட்டு விவசாயிகளும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் சொன்னார்: "மிஸ் எவ்வளவு தெரிஞ்சவ! ஆனா ஒவ்வொரு போகமும் கூட்டத்துக்கு வந்தா முதல் சொல்லுறது, தான் ஒருக்கா மிளகாய்க்குப் பிழையான மருந்து சொன்ன கதைதான். 'நானே பிழை விட்டனான், நீங்க கேக்க வெக்கப்படாதீங்க' எண்டுவா." மற்றவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்க் கூட்டங்களுக்கு அவர்தான் போவார். நான் தொலைபேசியோடு இருந்துவிடுவேன். அங்கே இப்படியொரு கதை ஓடுவது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம், "செல்வராசா அண்ணை, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும் சேர். மிஸ்தான் உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டவ."

நான் எழுந்து நின்றேன். "அந்தப் பிழை அவருடையது இல்லை. நான் விட்டது" என்றேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தவள் மகள்தான். அழுதழுது சிவந்த கண்ணோடு அவள் சிரிக்க, பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அவருடைய கணவரும்.

இத்தனை ஆண்டுகளாக என் பிழையை அவர் தன் பெயரில் வைத்திருந்தார். அன்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான். வரும் போகத்துக் கூட்டங்களுக்கு நான் போகிறேன். முதலில் அதைத்தான் சொல்வேன்.