ஒண்ணு குறை டொலினா

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, எங்கள் லூயிஸ் தீவில் பாதிப் பேர் மோரிசன், மீதிப் பேர் மக்லியோட். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் யாருக்கு என்ன பெயர் ஒட்டினாலும் நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் டொலினா மோரிசனை ‘ஒண்ணு குறை டொலினா’ என்று கூப்பிட ஆரம்பித்தபோது அவள் கோபித்துக்கொண்டாள். கோபம் வராமல் எப்படி இருக்கும்? ஐந்து வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தவள் அவள்.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, வீட்டில் இருபது ஆடு, சாலை வேலைக்குப் போகும் கணவன் மர்டோ. இதெல்லாம் மற்றவர்களுக்கும் உண்டு. டொலினாவின் பெருமை வேறு. 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல்முறையாக ஓட்டுப் போட்டபோது, எங்கள் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் மேசை போட்டு வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்தவள் அவள்தான். வயது இருபத்து நான்கு. அப்போது வடக்கு மலைநாடும் தீவுகளும் சேர்ந்து ஒரே தொகுதி, அதற்கு ஒரே உறுப்பினர். பிரஸ்ஸல்ஸ் எங்கே, நாங்கள் எங்கே! ஆனாலும் எங்கள் மீனுக்கும் ஆட்டுக்கும் சட்டம் போட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நான்கு தேர்தல் நடந்தது. நான்கு தடவையும் அவள் கொடுத்த சீட்டும் பெட்டியில் இருந்த சீட்டும் ஒன்றுக்கொன்று சரி.

1999இல் அந்தத் தொகுதியைக் கலைத்து, ஸ்காட்லாந்து முழுவதையும் எட்டு உறுப்பினர் கொண்ட ஒரே தொகுதியாக்கினார்கள். இனிமேல் ஆளுக்கு ஓட்டில்லை, கட்சிக்குத்தான். சீட்டு முழ நீளம். ஊரே முணுமுணுத்தது. தேவாலய மூப்பர் டோர்க்கில் சீட்டை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் டொலினாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் தடுப்புக்குப் பின்னால் போனார். அந்த வருஷம் அவள் கொடுத்தது நூற்று அறுபத்து நான்கு சீட்டு. பெட்டியைத் திறந்தபோது இருந்தது நூற்று அறுபத்து மூன்றும் ஒரு பவுண்ட் நாணயமும்.

“ஒரு பவுண்டுக்கு ஓட்டை வித்துட்டா பாருங்க!” என்று கடையில் சிரித்தார்கள். பட்டப்பெயரை வைத்தவர் டோர்க்கில். இன்னொரு தடவை குறைந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதமும் வந்தது. டொலினா மண்டபத்துத் தரைப்பலகைகளுக்கு இடையில் கத்தியை விட்டுத் துழாவினாள், தன் கோட்டுகளின் உள்துணியைப் பிரித்துப் பார்த்தாள். கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்த ஓட்டு தன் கையில் தொலைந்துபோனதே என்பதுதான் அவளை அரித்தது.

2004 ஜூன், வியாழக்கிழமை. மறுபடி அதே மேசை. கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்து நூற்று எழுபத்தோரு சீட்டைக் கொடுத்தாள். பெட்டிக்கு முத்திரை வைத்து, தீவின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேக்கு அனுப்பினாள். ஐரோப்பா முழுவதும் ஞாயிற்றுக்கிழமை எண்ணுவார்கள். எங்கள் தீவில் மட்டும் ஓய்வுநாளில் ஒரு காகிதத்தையும் தொட மாட்டோம், திங்கட்கிழமைதான். ஸ்காட்லாந்தின் கடைசி முடிவு எங்களுக்காகக் காத்துக்கிடக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அந்த ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் டோர்க்கில் அவளை மண்டபத்துப் பக்கம் கைகாட்டி அழைத்தார்.

“என்ன மூப்பரே, பிரசங்கத்துல தூங்கிட்டேனா?”

“விளையாடாத டொலினா. மண்டபத்துப் பின்கதவுகிட்ட மிஷன் காணிக்கைப் பெட்டி மாட்டியிருக்குல்ல, ஆணி துருப்பிடிச்சு காலைல கீழ விழுந்து ரெண்டா பொளந்துடுச்சு. காசுக்கு நடுவுல இது கெடந்தது.”

அந்தப் பெட்டிக்குச் சாவி தொலைந்து பல வருஷம். யாரும் திறக்க மெனக்கெடவில்லை, உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஊரே நினைத்திருந்தது. டோர்க்கிலின் கைக்குட்டைக்குள் மடித்த நீளச் சீட்டு ஒன்று இருந்தது. டொலினா விரலால் ஓரத்தைத் தடவினாள். முத்திரைத் துளைகள் குத்தின. சீட்டைக் கொடுக்கும்போது அவளே அழுத்துகிற முத்திரை. அப்படியானால் இது யாரோ ஒருவருடைய ஓட்டு.

“ஐயோ, மறுபடியுமா!”

“யாரோ கண்ணு தெரியாதவங்க, ஓட்டுப் பெட்டின்னு நெனச்சு இதுல போட்டிருப்பாங்க. நான் பிரிக்கல, பாக்கவும் இல்ல.”

அவளும் பார்க்கவில்லை. பின்பக்கத்து எண்ணைப் பார்த்தால் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையோடு பைக்குள் வைத்தாள்.

“இப்பவே ஸ்டோர்னோவேல ஓட்டு எண்ணுற இஷ்பெல்லுக்கு ஃபோன் போடறேன்.”

“ஓய்வுநாள்ல ஃபோனா? ஸ்காட்லாந்தே பேசாம காத்திருக்கு. உனக்கென்ன அவசரம்?”

முந்தின நாளே தோலுரித்து வைத்த உருளைக்கிழங்கு, ஆட்டுக்கறி சூப்பு, எதுவும் அவளுக்கு இறங்கவில்லை. மர்டோ இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு யோசனை சொன்னான்.

“நாளைக்கு எண்ணுற மேசையில நீயுந்தானே நிக்கப்போற? பெட்டியைக் கவுக்கும்போது குவியல்ல சொருகிடு. கணக்கும் சரியாயிடும், அந்த ஆளோட ஓட்டும் சேந்துடும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“வாயை மூடு மர்டோ.”

“நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“நல்லதா? இருபத்தஞ்சு வருஷம் அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்துட்டு, நானே கள்ள ஓட்டுப் போடணுமா?”

திட்டிவிட்டாளே தவிர, அந்த யோசனை அவளை விடவில்லை. மாலை ஆராதனையில் சங்கீதம் பாடும்போதும் அதுதான் மனதில் ஓடியது. ஒரு நொடி வேலை. யாரும் பார்க்க மாட்டார்கள். வேலை போகாது, பெயர் கெடாது, பாவம் அந்த யாரோ ஒருவரின் ஓட்டும் வீணாகாது. பையின் வாரை அவள் கையிலிருந்து விடவே இல்லை.

திங்கள் காலை ஸ்டோர்னோவேயில் ஓட்டு எண்ணும் மண்டபத்தில் நுழைந்தவள் நேராக இஷ்பெல்லிடம் போனாள். எண்ணிக்கைக்கு இஷ்பெல்தான் பொறுப்பு. எதற்கும் பதறாத பெண்பிள்ளை.

“அம்மா, என் பெட்டில ஒண்ணு குறையும். இதுதான் அந்த ஒண்ணு. எந்தத் தப்புன்னாலும் என்மேல எழுதிக்குங்க.”

இஷ்பெல் கைக்குட்டையை மேசைமேல் வைத்தாள். “முதல்ல பெட்டியை எண்ணுவோம். அழாத, முகத்தைத் தொடை.”

எண்ணினார்கள். டொலினா மேசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்று அறுபத்தொன்பது, நூற்று எழுபது, நூற்று எழுபத்தொன்று.

“என்னது?”

“நூத்தி எழுபத்தொண்ணு. நீ கொடுத்தது எத்தனை?”

“நூத்தி எழுபத்தொண்ணு. இன்னொரு தடவை எண்ணுங்க!”

இன்னொரு தடவையும் அதேதான். இஷ்பெல் கைக்குட்டையை விலக்கினாள். சீட்டைப் பிரிக்காமல் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

“ஜூன் பத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது.”

டொலினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷமாகத் தேடிய சீட்டு! மர்டோ சொன்னபடி சொருகியிருந்தால் பெட்டியில் ஒன்று கூடியிருக்கும், அதுவும் ஐந்து வருஷத்துப் பழைய சீட்டு.

“அந்தப் பவுண்ட் ஞாபகமிருக்கா?” இஷ்பெல் சிரித்துவிட்டாள். “யாரோ ஒரு கையில காசும் ஒரு கையில ஓட்டுமா வந்திருக்காங்க. காசை நம்ம பெட்டில போட்டுட்டு, ஓட்டை மிஷனுக்குக் காணிக்கையாக் கொடுத்துட்டாங்க!”

டொலினா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு பக்கத்து மேசைக்குக் கேட்டது. அந்தச் சீட்டை இனி எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இஷ்பெல் அதை உறையில் போட்டு ஒட்டினாள், பழைய கடிதத்தை ரத்து செய்து புதுக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னாள். மதியத்துக்குள் தீவின் முடிவு போனது, ஸ்காட்லாந்தின் ஏழு உறுப்பினர்களும் யார் யார் என்று முடிவானது. எண்ணிக்கை அந்த வருஷம் ஏழாகச் சுருங்கியிருந்தது, அடுத்த தடவை ஆறானது. 2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற, அந்தத் தொகுதியே இல்லாமல் போயிற்று. 2004க்குப் பிறகு அதுவரைக்கும் நடந்த மூன்று தேர்தலிலும் அந்த மேசையில் உட்கார்ந்தவள் டொலினா. மூன்றிலும் சரி.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தை. சேதி அவளுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஐந்து மணி இருக்கும், சமையலறை வாசலில் டோர்க்கில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உள்ள வாங்க மூப்பரே.”

அவர் வரவில்லை. “கடையில ஒரு கேள்வி கேட்டாங்க டொலினா. அந்த மிஷன் பெட்டில இந்த ஊர்ல எவன் காசு போடுவான்னு கேட்டாங்க.”

“எவன் போடுவான்?”

“நான் மட்டுந்தான் போடுவேன். கதவைத் தாண்டுறப்பல்லாம் ஒரு பவுண்ட். அன்னைக்கு உன்கூடக் கத்திட்டு இருந்தேன்ல, அந்தக் கோவத்துல கை மாறிப்போச்சு.”

ஓட்டைத் தொலைத்த ஆள் கிடைத்தால் கொட்ட டொலினா ஐந்து வருஷமாக வசவு சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டாள். எதிரில் நின்ற மனிதர் தொப்பியின் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“டொலினா, இஷ்பெல் அதைப் பிரிச்சுப் பாத்தாளா? நான் யாருக்குப் போட்டேன்னு...”

“பிரிக்கல. உறையில ஒட்டிட்டாங்க. யாருக்கும் தெரியாது.”

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” கிழவரின் தோள் இறங்கியது. “கடைக்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன். நாளைக்கு...”

“கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கு மூப்பரே. இப்பவே சொல்லிட்டு வாங்க. தேநீர் சூடா வைக்கறேன்.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சரிவில் இறங்கினார். அவர் கடைக்குள் நுழைகிறவரை ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் டொலினா கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.